முயலுக்கு மட்டும் கஞ்சி

முயல் பேசியதைப் பூங்கனி டீச்சர் கேட்பதற்கு முன்பே ஊர் கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாகர்கோவில் பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கிற முழங்காலை மெதுவாக நீட்டினார். கொட்டாரம் தாண்டியதும் கண் சொக்கியது. அப்போதுதான் முதல் போன்.

"டீச்சரே, அபினேஷுக்க அம்ம பேசுகேன், தாணம்மாள். எனக்க பிள்ளைக்கு நான் கஞ்சியா குடுக்கேன்? நேத்து நெய்மீனாக்கும் வச்சேன். சட்டி இன்னும் கழுவல்ல, வந்து பாருங்க!"

"நான் ஒண்ணும் சொல்லலியே தாணம்மா."

"நீங்க சொல்லல்ல. முயலு சொல்லிச்சு."

போனை வைத்துவிட்டு டீச்சர் கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். எந்த முயல் என்றுதான் தெரியவில்லை. அன்று மட்டும் ஒன்பது முயல்களை அவர் ஊருக்குள் அவிழ்த்துவிட்டிருந்தார்.

அது இப்படி நடந்தது. அந்தத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் முப்பத்தி நாலு பேர். ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியர் செல்வதாஸ் சாருடைய வகுப்புகள். பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருப்பார்கள், சார் பென்ஷன் பேப்பர்களை நிரப்பிக்கொண்டிருப்பார். மூன்று, நான்கு, ஐந்து என்று மிச்சமுள்ள பதினாலு பிள்ளைகளும் ஒரே ஹாலில் பூங்கனி டீச்சரிடம். போன வாரம் வட்டார அலுவலகத்தில் ஒரு பயிற்சி. பயிற்சி கொடுத்த ஆன்ஸ்லின் மேடத்துக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். களைப்பு என்றால் என்னவென்று தெரியாத முகம். அவர் டேப்லட்டில் ஒரு ஆப்பைக் காட்டினார். பிள்ளை ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும். பேசியதை அந்த மிருகம் வாயை அசைத்துத் தன் குரலில் திருப்பிச் சொல்லும்.

"கூச்சப்படுற பிள்ளைங்ககூட மனசு திறந்து பேசிடும் டீச்சர்ஸ்!" என்றார் மேடம். "தலைப்பு 'என் வீடு'. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ரெக்கார்டிங் எல்லாம் பெற்றோர் குரூப்ல இருக்கணும்."

ஹாலில் வைத்துப் பதிவு செய்ய முடியவில்லை. பக்கத்து மனையில் புது வீட்டுக்கு டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வதாஸ் சாரின் அறைக்குள் டேப்லட்டை வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினார். ஆப்பை இயக்குவது மூன்றாம் வகுப்பு ஜினிஷா. டீச்சருக்குப் புரியாத பட்டன்கள் எல்லாம் அவளுக்குப் புரிந்தன. ஒவ்வொருவருக்கும் பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி நிற்பாள். சில பிள்ளைகள் இரண்டு தடவை பேசின. ஒருவன் மூன்று தடவை பேசினான். கடைசியில் மொத்தம் இருபத்தியொரு பதிவுகள். எதிலும் பெயர் கிடையாது, மிருகத்தின் படம்தான். அப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க நேரமில்லை. 'அனைத்தையும் அனுப்பு' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினார்.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து, குரூப்பைத் திறந்து, முயல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலாவது முயல் கீச்சுக் குரலில் பேசியது.

"எனக்க வீட்டுல நான் ஒண்ணு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாவ. நான் பேச ஆரம்பிச்சாலே எந்திச்சுப் போயிருவாவ. இல்லன்னா போனப் பாத்துட்டு இருப்பாவ. இனிப்ப எடுத்து ஒளிச்சு வச்சிருவாவ. ராத்திரி எல்லாருக்கும் பரோட்டா, எனக்கு மட்டும் கஞ்சி. அடுத்த வருசம் எனக்கு ஸ்கூலு கிடையாது. பெறவு நாள் பூரா வீட்டுலதான் இருக்கணும்."

பேசி முடித்த முயல் காதை ஆட்டிச் சிரித்தது. அது ஆப்பின் பழக்கம்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பிள்ளையோ, பாவம்" என்றார்.

டீச்சருக்குத் தூக்கம் போய்விட்டது. இருபத்தி மூன்று வருட வேலையில் அழுத பிள்ளைகளையும் பசித்த பிள்ளைகளையும் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று வேறு சொல்கிறது. அப்படியானால் ஐந்தாம் வகுப்புதான். முதலில் இதை எல்லாரும் கேட்காமல் தடுக்க வேண்டும் என்று நினைத்து, அந்த முயலை மட்டும் குரூப்பிலிருந்து அழித்தார்.

அதுதான் முதல் தப்பு. அதுவரை கேட்காதவர்களும் என்ன அழித்தீர்கள் என்று கேட்டார்கள். ஏற்கெனவே கேட்டவர்கள் அதை மற்றவர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். 'டீச்சர் அழிச்சிருக்காவன்னா விஷயம் உள்ளதுதான்' என்று ஒருவர் எழுதினார். நாகர்கோவில் போய் இறங்குவதற்குள் பதினோரு போன்.

வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் டீச்சர் குரூப்பில் எழுதினார்: 'சம்பந்தப்பட்ட குழந்தையின் பெற்றோர் மட்டும் என்னைத் தனியாகச் சந்திக்கவும். ரகசியம் காக்கப்படும்.'

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒன்பது அம்மாமார் நின்றார்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள். டீச்சர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்.

"எனக்க வீடுதான் டீச்சரே" என்றாள் முதலில் வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன வியாழக்கிழம பரோட்டா வாங்கினேன். அதுக்குக் காய்ச்சலு. அதனால கஞ்சி குடுத்தேன். அத மனசுல வச்சிருக்கு."

"எங்க வீடாக்கும்" என்றாள் அடுத்தவள். "அது பேச வந்தா நான் போனத்தான் பாப்பேன். இல்லன்னு சொல்லல்ல."

இனிப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததை மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒன்பது பேரும் ஒன்பது வீட்டு ரகசியங்களைச் சொல்லிவிட்டு இலேசான மனதோடு வீட்டுக்குப் போனார்கள். கனமெல்லாம் டீச்சரிடம் தங்கிவிட்டது. அதுவரை ஒரு முயலைத்தான் தேடினார். இப்போது ஒன்பது வீடுகளிலும் முயல் இருந்தது.

சுஜினின் அம்மா அஜிதா மட்டும் போகாமல் நின்றாள். அவள் கணவன் ரதீஷுக்கு மஸ்கட்டில் வேலை.

"அவருக்கு எவனோ அனுப்பிட்டான் டீச்சரே. இப்பம் மூணு நேரமும் தட்ட போட்டோ எடுத்து அனுப்பணுமாம். நேத்து மீன்கறி கலங்கலாத் தெரியுதுன்னு திருப்பி எடுக்கச் சொன்னாவ. பிள்ள பசியில இருந்து அழுது."

டீச்சர் செல்வதாஸ் சாரிடம் போனார். சார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பிள்ளைன்னா ஏதாவது கத சொல்லும் டீச்சர். விட்டுருங்க."

"பட்டினி கெடக்குதேன்னு பாக்குதேன் சார்."

"பட்டினின்னு எங்க சொல்லிச்சு? கஞ்சின்னுதான சொல்லிச்சு."

"படிப்ப நிறுத்தப்போறாவளே சார்!"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எல்லாருக்கும் ஒரு நாள் நிக்கத்தான செய்யும்" என்றார்.

இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று டீச்சர் வகுப்புக்குப் போனார். காலையில் வரும் வழியில் ஒரு பெரிய பாக்கெட் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். மிரட்டிக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும். அதனால் நயமாகத் தொடங்கினார்.

"மக்களே, நல்லாப் பேசின ஒரு முயலுக்கு டீச்சர் பிஸ்கட் வச்சிருக்கேன். வீட்டுல கஞ்சின்னு சொல்லிச்சே, அந்த முயலு யாரு?"

பதினாலு கையும் மேலே போனது. யானையாகப் பேசியவனும், கிளியாகப் பேசியவளும் கையைத் தூக்கினார்கள்.

"ஏலே ஜெனோ, நீ தவளையாத்தான பேசின?"

"உள்ளுக்குள்ள முயலாக்கும் டீச்சர்."

பிஸ்கட் தீர்ந்தது. முயல் கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போன பிள்ளைகள் 'முயலுன்னு சொன்னதுக்கு டீச்சர் பிஸ்கட் தந்தாவ' என்று சொல்ல, மறுநாள் காலை குரூப்பில் பதினாலு வீட்டாரும் டீச்சரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஜினிஷாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி மக்களே, நீதான பட்டன் அமுக்கிக் குடுத்தது. உண்மையச் சொல்லு. எந்தப் பிள்ள அப்படிப் பேசிச்சு?"

ஜினிஷா யோசித்தாள். "அப்படி எந்தப் பிள்ளையும் பேசல்ல டீச்சர்" என்றாள்.

கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க மனசில்லை போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். அவளை வற்புறுத்தும் தெம்பும் அவருக்கு இல்லை.

அதே செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆன்ஸ்லின் மேடம் போன் செய்தார்.

"டீச்சர்! உங்க முயல் சூப்பர் டீச்சர்! எனக்கே மூணு பேர் அனுப்பிட்டாங்க. என்ன கற்பனை! குழந்தை எப்படி யோசிச்சிருக்கு!"

டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் மேடம், கற்பனைதான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நாலு நாளாகச் சரியாகத் தூங்காத மனுஷி. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"கற்பன மாதிரித் தெரியல்ல மேடம். உள்ளதத்தான் சொல்லுதுன்னு நெனைக்கேன். எந்தப் பிள்ளைன்னுதான் கண்டுபிடிக்க முடியல்ல."

மேடத்தின் குரல் மாறியது.

"டீச்சர், அப்படின்னா இது சீரியஸ். இடைநிற்றல் கேஸ். வீடு வீடாப் போய்ப் பாருங்க. வெள்ளிக்கிழமை எனக்கு எழுத்துல அறிக்கை வேணும். ஹெச்.எம். கையெழுத்தோட."

செல்வதாஸ் சார் முதலில் வர மறுத்தார். கையெழுத்து அவருடையது என்று சொன்ன பிறகு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பில் நாலே பிள்ளைகள். அன்று சாயங்காலம் நாலு வீட்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்கு.

முதலில் தாணம்மாள் வீடு. டீச்சர் வாய் திறப்பதற்குள் தாணம்மாள் ஒரு பெரிய தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நேந்திரங்காய் வற்றல், ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"இது தினசரி உள்ளதாக்கும். நீங்க வாரீயன்னு செஞ்சதில்ல" என்றாள். அடுப்பங்கரையிலிருந்து எண்ணெய் மணம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

டீச்சர் ஒரு பழம் எடுத்துக்கொண்டார். செல்வதாஸ் சார் இனிப்பாகப் பார்த்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தார். பிறகு இன்னொன்று. நாலாவதைச் சாப்பிடும்போது அவர் முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

"அபினேஷ ஆறாம் கிளாஸுக்கு எங்க சேக்கப்போறீய?"

"ரெண்டு ஸ்கூலு பாத்து வச்சிருக்கேன் டீச்சரே. இப்பமே சொல்லுங்க, எதுல சேக்கட்டும்?"

அஜிதா வீட்டில் ரதீஷ் வீடியோவில் காத்திருந்தான். "சார், எனக்க மகன் மெலிஞ்சிருக்கானா? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றான். சுஜின் போனுக்குள் முழுசாக வராததால் அஜிதா நாலடி பின்னால் போய்ப் பிடித்துக் காட்டினாள். சார் அல்வாவை மென்றுகொண்டே, "கொள்ளாம், கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று பிள்ளையைச் சொன்னாரா, அல்வாவைச் சொன்னாரா தெரியவில்லை.

மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதை. நாலு பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். ஒருவருக்கும் படிப்பு நிற்கவில்லை. ஜெனோவின் அப்பா அடுத்த வருஷத்துக்கான பையை இப்போதே வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

அலைச்சல் இத்துடன் முடிந்தது என்று டீச்சர் நினைத்தார். புதன்கிழமை காலையில் மூன்றாம், நான்காம் வகுப்பு அம்மாமார் பத்துப் பேர் சேர்ந்து வந்தார்கள்.

"அவிய வீட்டுக்குப் போனிய, எங்க வீட்டுக்கு வரல்ல. நாங்கதான் பிள்ளையப் பட்டினி போட்டோம்னு முடிவு பண்ணியாச்சா டீச்சரே?"

"அப்படி இல்லம்மா. ஸ்கூலு கிடையாதுன்னு சொன்னதுனால அஞ்சாம் கிளாஸு மட்டும்…"

"ஊருக்குள்ள தலகாட்ட முடியல்ல. எங்க வீட்டையும் வந்து பாத்து எழுதணும்."

டீச்சர் திக்கற்றுப் போய் செல்வதாஸ் சாரைப் பார்த்தார். அவர் வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்று நம்பினார். சார் பென்ஷன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"அவிய சொல்லுகதும் நியாயம்தான டீச்சர். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? எல்லா வீட்டுக்கும் போகணும். இன்னைக்கு அஞ்சு, நாளைக்கு அஞ்சு."

புதனும் வியாழனும் பத்து வீடுகள். பூங்கனி டீச்சர் பத்துப் படிக்கட்டு ஏறினார், பத்துச் சாயா குடித்தார், பத்து அடுப்பங்கரைகளைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் முன்னைய வீட்டைவிடத் தட்டு பெரிதாகிக்கொண்டே போனது. முந்தின வீட்டில் என்ன வைத்தார்கள் என்பது இவர்கள் போவதற்கு முன்பே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். கடைசி வீட்டில் இலை போட்டிருந்தார்கள். பாயசத்துக்கு அடைப் பிரதமன் இருந்தது.

செல்வதாஸ் சார் ஒவ்வொரு வீட்டிலும் நிதானமாக உட்கார்ந்தார். தான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக் கதை சொன்னார். பெற்றோர் ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லாரும் போனை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். முயல் விஷயத்தில் கெட்ட பெயர் வாங்கக்கூடாது என்ற பயம். ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்ட டீச்சர்தான் கொட்டாவியை அடக்கப் பாடுபட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி நாலேகால். பிள்ளைகள் போய்விட்டார்கள். அம்மா வரக் காத்திருக்கும் ஜினிஷா மட்டும் வராந்தாவில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். டீச்சர் அறிக்கையைப் படித்தார்.

"'பதினான்கு இல்லங்களும் நேரில் பார்வையிடப்பட்டன. அனைத்துக் குழந்தைகளும் போதிய உணவு பெறுவதும், எவரும் படிப்பை இடையில் நிறுத்தவில்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. குரலுக்குரிய குழந்தையைக் கண்டறிய இயலவில்லை.' சரியா சார்?"

"ரொம்பச் சரி" என்று சார் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடிவிட்டு ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். "ஆனா டீச்சர், ஒண்ணு பாத்தியளா? ஒரு வாரமா ஊரே அந்த முயலப் பத்தித்தான் பேசுது. சாப்பிட்டியான்னு கேக்க இவ்வளவு பேரு இருக்காவளேன்னு அதுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும்."

"எனக்கு முழங்காலு போச்சு சார்."

சார் சிரித்தபடி வராந்தாவுக்குப் போனார். அங்கே அவர் ஜினிஷாவிடம் குனிந்து ஏதோ பேசும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

டீச்சர் டேப்லட்டைக் கையில் எடுத்தார். அந்தப் பிள்ளை யாரோ, எந்த வீட்டில் இருக்கிறதோ, கடைசிவரை தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று மனது கிடந்து உறுத்தியது. ஆனாலும் இன்னொரு முயலைத் தாங்க இந்த உடம்புக்கு முடியாது. ஆப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினார். 'நீக்கவா?' என்று அது கேட்டது.

வாசலில் நிழல் தெரிந்தது. ஜினிஷா மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள்.

"அழிச்சிராதீய டீச்சரே! ஹெச்.எம். சாரு இன்னொரு தடவ பேசணுமாம். இந்தத் தடவ முயலு வேண்டாமாம், யானை போதுமாம்."